பிறவிக் குறையா, பிறகு பட்ட அடியா? சில்லறைக் காசில் அச்சுப் பிழையை அறியும் முறை

கேள்வி: உழவர் சந்தையில் கீரை விற்று வந்த சில்லறையில், ஓரத்தில் பிறை போல வெட்டுப்பட்ட ஒரு ரூபாய் நாணயம் ஒன்று வந்தது. மகன் அதைப் படம் எடுத்து செல்போனில் போட்டான். மறுநாளே ஒருவர் அழைத்து, "இது அச்சுப் பிழை நாணயம், மூன்று லட்சம் தருகிறோம். முதலில் பதிவுக் கட்டணம் 2,150 ரூபாய் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா? இது உண்மையிலேயே பிழை நாணயம்தானா?
(திருப்பூர் மாவட்ட வாசகி)

பதில்: ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டாம். நாணயம் உண்மையான பிழையாக இருந்தாலும் சரி, யாரோ கட்டிங் பிளேயரால் கடித்ததாக இருந்தாலும் சரி, இந்தப் பதில் மாறாது. பொருளை வாங்குகிறவர் பணம் தருவார். விற்கிறவரிடம் பணம் கேட்க மாட்டார். சந்தைக்குக் கொண்டுபோன ஆட்டை வாங்க வந்தவர், "முதலில் நீங்கள் எனக்கு இரண்டாயிரம் கொடுங்கள்" என்று கேட்டால் யாராவது கொடுப்பார்களா?

இந்த மோசடி புதிதல்ல. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டி, கட்டணம், கமிஷன், வரி என்று பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. அந்த வங்கி இப்படிப்பட்ட வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை. தன் பெயரில் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை.

இனி நாணயத்துக்கு வருவோம்.

நாணயம் உருவாகும் விதம்

இலையில் ஓட்டையைப் பார்த்ததும், புழு தின்றதா, ஆலங்கட்டி அடித்ததா என்று விவசாயி சொல்லிவிடுவார். புழு எப்படித் தின்னும் என்று அவருக்குத் தெரியும். நாணயத்துக்கும் அதே வழிதான். அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், எந்தக் குறை நாணயச்சாலையில் வந்திருக்க முடியும், எது முடியாது என்பது விளங்கிவிடும்.

முதலில் உலோகத்தை நீண்ட பட்டையாக உருட்டுகிறார்கள். அதிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். வில்லையைச் சூடாக்கி மென்மையாக்கி, கழுவி, சுற்றிலும் அழுத்தி விளிம்பை லேசாக மேடாக்குகிறார்கள். பிறகு அந்த வில்லை ஒரு எஃகு வளையத்துக்குள் உட்காருகிறது. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. இரண்டும் பெரும் விசையோடு ஒரே நேரத்தில் அழுத்தும்போது இரு பக்கப் படமும் ஒன்றாகப் பதிகின்றன. உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் வளையம் பிடித்துக்கொள்கிறது.

ஆக, பிழை வர மூன்று இடங்கள்தான் உண்டு. வில்லையில் குறை இருக்கலாம். அச்சில் குறை இருக்கலாம். அழுத்தும் நேரத்தில் வில்லை நகர்ந்திருக்கலாம் அல்லது இடையில் ஏதாவது புகுந்திருக்கலாம். இந்த மூன்றில் எதனாலும் வந்திருக்க முடியாத குறை என்றால், அது வெளியில் பட்ட அடி.

பார்ப்பதற்கு மூன்று பொருள் போதும். சிலந்திப்பேன் பார்க்க வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், நல்ல பகல் வெளிச்சம், அதே மதிப்பில் அதே வரிசையைச் சேர்ந்த குறையில்லாத இன்னொரு நாணயம். ஒப்பிட ஒன்று இல்லாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. நகைக்கடைத் தராசில் எடை போட முடிந்தால் இன்னும் நல்லது.

பிறை வெட்டு

பூரிக்கு மாவைத் தேய்த்து, டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய குழியின் மேல் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால் அடுத்த பூரி பிறை வெட்டோடு வரும். வில்லை வெட்டும் இயந்திரத்திலும் இதேதான் நடக்கிறது. அந்த வில்லைமேல் அச்சு விழுந்தால் பிறை வெட்டு நாணயம் கிடைக்கிறது.

இதை உறுதி செய்ய இரண்டு அடையாளங்கள் உண்டு. முதலாவது, வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு. விளிம்பை மேடாக்க வில்லையை இரு பக்கமும் அழுத்தும்போது, ஒரு பக்கம் வெட்டாக இருந்தால் எதிர்ப்பக்கம் அழுத்தம் கிடைக்காது. அதனால் அந்த இடத்தில் விளிம்பு மெலிந்தோ மங்கியோ இருக்கும். இரண்டாவது, வெட்டை ஒட்டியுள்ள எழுத்துகள். அச்சு விழும்போது உலோகம் வெட்டுப் பக்கம் ஓடுவதால், அங்கே உள்ள எழுத்தோ கோடோ சற்று இழுபட்டு மழுங்கியிருக்கும்.

பிளேயரால் கடித்ததிலும் அரத்தால் தேய்த்ததிலும் இந்த இரண்டும் இருக்காது. எதிர் விளிம்பு முழுசாக நிற்கும். எழுத்து கத்தியால் நறுக்கியதுபோல் பாதியில் நிற்கும். வெட்டின் ஓரத்தில் அரக்கீறலோ, விரலில் தட்டுப்படும் பிசிறோ இருக்கும். எடையில் மட்டும் ஏமாறக் கூடாது. இரண்டு வகையிலும் எடை குறைவாகத்தான் இருக்கும். வாசகி தன் நாணயத்தில் முதலில் பார்க்க வேண்டியது வெட்டை அல்ல, வெட்டுக்கு எதிர்ப்பக்கத்தை.

நகர்ந்து விழுந்த அச்சு

வில்லை வளையத்தில் சரியாக உட்காராமல் அச்சு விழுந்தால், படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஒரு ஓரத்தில் படமே இல்லாத வெற்று உலோகம் பிறை போலத் தெரியும். எதிர் ஓரத்தில் படம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். நாணயத்தைத் திருப்பினால் மறுபக்கமும் அதே இடத்தில் வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெறுமை, மறுபக்கம் முழுப் படம் என்றால், அநேகமாக அந்தப் பக்கத்தைத் தேய்த்திருக்கிறார்கள்.

வளையம் இல்லாமல் அச்சு விழுந்த நாணயமும் உண்டு. உலோகம் பிதுங்கி, நாணயம் வழக்கத்தைவிட அகலமாக இருக்கும்; படம் மட்டும் தெளிவாக நிற்கும். சுத்தியலால் தட்டி அகலமாக்கியது என்றால் படமும் சேர்ந்து நசுங்கியிருக்கும். ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசுகளும் இந்த வகைதான்.

மேடா, பள்ளமா?

நாணயத்தின் முகத்தில் கோடு தெரிந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சில் விரிசல் விழுந்தால், அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து நாணயத்தில் மேடான கோடாக வரும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருந்தால், விளிம்பை ஒட்டி எழுத்து இல்லாத மேட்டுத் திட்டாக வரும். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். கீறிய உலோகம் வாய்க்கால் கரைபோல இரு பக்கமும் ஒதுங்கி நிற்கும்.

மேடு என்றால் அச்சின் குறை, பள்ளம் என்றால் பெரும்பாலும் காயம். இந்தக் கணக்கு சில்லறையில் வரும் சந்தேகங்களில் பாதியைத் தீர்த்துவிடும்.

பள்ளத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அச்சு விழும்போது நூலோ கம்பித் துண்டோ இடையில் மாட்டிக்கொண்டால் அதன் தடம் பள்ளமாகப் பதியும். அப்படியானால் பள்ளத்தின் கரையில் உலோகம் ஒதுங்கியிருக்காது. தடத்தின் அடி வழவழப்பாக இருக்கும்.

காணாமல் போன எழுத்து

ஆண்டில் கடைசி இலக்கம் இல்லை, சிங்கத்தின் கீழே உள்ள எழுத்தில் பாதி இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். அச்சின் குழியில் கிரீஸும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து பதியாது. அப்போது அந்த ஓரிடம் மட்டும் மங்கலாக இருக்கும்; பக்கத்து எழுத்து கூர்மையாக நிற்கும்; சுற்றியுள்ள தளத்தின் பளபளப்பில் மாற்றம் இருக்காது.

கை மாறி மாறித் தேய்ந்த நாணயம் வேறு மாதிரி. மேடான இடங்கள் முதலில் தேயும். சிங்கங்களின் முகம் தட்டையாகி, விளிம்பும் மெலிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இலக்கத்தை அழித்திருந்தால், அந்த இடத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் லென்ஸில் தெரியும்.

எழுத்து இரட்டையாகத் தெரிவதும் அதிகம் கேட்கப்படுகிறது. அச்சிலேயே படம் இரட்டையாக வெட்டப்பட்டிருந்தால், இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு, முனைகளில் பிளவோடு தெரியும். இதைச் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அச்சு விழுந்து எழும்போது லேசாக நழுவினால், எழுத்தின் ஓரத்தில் வரப்பு போலத் தட்டையான ஒரு படி தெரியும். இதுவும் நாணயச்சாலையில் நடப்பதுதான். ஆனால் மிகச் சாதாரணம், விலை இல்லை.

தலைகீழ் முகம்

நம் நாட்டு நாணயத்தில் சிங்கமுகம் நேராக இருக்கும்படி மேலும் கீழும் இரு விரலால் பிடித்து, பக்கவாட்டில் சுழற்றினால் மறுபக்கமும் நேராகவே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் ஓர் அச்சு தன் இடத்தில் திரும்பியிருக்கிறது என்று பொருள். சுத்தியலாலோ அரத்தாலோ இதை உண்டாக்க முடியாது. லேசான சாய்வு அடிக்கடி வருவது. பாதி வட்டத்துக்குத் திரும்பியிருந்தால்தான் சேகரிப்பவர் கவனிப்பார்.

பத்து ரூபாய் நாணயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. வெளியே மஞ்சள் வளையம், உள்ளே வெள்ளை வில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் அச்சு விழுகிறது. எனவே வளையத்தில் தொடங்கி வில்லைக்குள் போகும் படம் அறுபடாமல் ஓட வேண்டும். வளையத்துப் படம் ஒரு பக்கமும், உள் வில்லைப் படம் வேறு பக்கமும் திரும்பியிருந்தால், யாரோ வில்லையைத் தட்டிக் கழற்றி மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். வில்லையே இல்லாமல் வளையம் மட்டும் கிடைப்பதும் பெரும்பாலும் தட்டிக் கழற்றியதுதான்; உள் ஓரத்தில் கீறலும் நசுங்கலும் இருக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே படம்

இரு பக்கமும் சிங்கம் உள்ள நாணயம் என்று காட்டப்படுவதில் பெரும்பாலானவை கடைசல் பட்டறை வேலை. ஒரு நாணயத்தின் உள்ளே குடைந்து, இன்னொன்றைச் சீவி உள்ளே பதித்துவிடுவார்கள். விளிம்பின் உள்பக்கம் சுற்றிவர மயிரிழை போன்ற இணைப்புக்கோடு தெரியும். கல்லில் போட்டால் கணீரென்று கேட்காது.

ஒரு பக்கம் சரியான படம், மறுபக்கம் அதே படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பள்ளமாகப் பதிந்திருப்பது வேறு வகை. முந்திய நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லைமேல் தானே அச்சாக விழுந்தது. இது உண்மையான பிழை. பட்டறை வைஸில் இரண்டு காசுகளை வைத்து முறுக்கியும் இதேபோல் செய்கிறார்கள். அதில் பள்ளப் படத்துக்கு அடியில் பழைய படம் நசுங்கிய நிலையில் எட்டிப் பார்க்கும். உண்மைப் பிழையில் அடியில் வேறு படம் இருக்காது.

நிறம் மாறிய காசு

நிறத்தை நம்பி யாரும் பணம் கொடுக்க வேண்டாம். நெருப்பில் விழுந்தது, கிணற்றில் கிடந்தது, மண்ணில் புதைந்தது, உரச்சாக்கு ஓரத்தில் ஈரத்தோடு கிடந்தது, மஞ்சள் துணியில் காணிக்கையாக முடிந்து வைத்தது, முலாம் பூசியது என எல்லாமே நிறத்தை மாற்றும். பித்தளை வகை ஐந்து ரூபாய் நாணயம் ஆசிட்டில் பட்டால், அதிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் தட்டும். அதைக் காட்டி "செம்பில் அச்சான அபூர்வ நாணயம்" என்று விற்பவர்கள் உண்டு.

உண்மைப் பிழை என்று தெரிந்தால்

முதலில், கழுவக் கூடாது. புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதுவும் கூடாது. தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர் ஒதுக்கிவிடுவார். உலர்ந்த காகித உறையில் தனியாக வையுங்கள். பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் ஓரமும் தெரியப் படம் எடுத்து வையுங்கள்.

விற்க நினைத்தால், நகரங்களில் நாணயவியல் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் நேரில் காட்டலாம். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். ரொக்கமோ வங்கி வரவோ வந்த பிறகுதான் நாணயம் கை மாற வேண்டும். சிறு பிழைகளுக்கு முகமதிப்பைவிடச் சற்றே கூடுதலாகக் கிடைக்கும். கண்ணைப் பறிக்கும் பெரிய பிழைக்கு நல்ல விலை உண்டு. புழக்கத்தில் வந்த ஒரு ரூபாயின் பிறை வெட்டுக்கு லட்சங்களில் விலை என்பது, கட்டணம் பறிப்பதற்கான தூண்டிற்புழு.

பணம் "அனுப்ப" கியூஆர் கோடு அனுப்புகிறோம், ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் போகும், வராது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

கேள்வி: ஒரே ஆண்டு நாணயங்கள் சிலவற்றில் ஆண்டுக்குக் கீழே புள்ளியும், சிலவற்றில் நட்சத்திரமும் இருக்கின்றன. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. அளவும் மாறுகிறது. இவை பிழையா?
(தேனி மாவட்ட வாசகர்)

பதில்: பிழை இல்லை. அது நாணயச்சாலையின் அடையாளம். புள்ளி என்றால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், சாய்சதுரம் என்றால் மும்பை. அடையாளம் எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயங்களில் ஒரு பகுதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சானது. அவற்றில் ஆங்கில 'எச்' எழுத்து இருக்கும்.

அளவு மாறுவதற்குக் காரணம் வரிசை மாறியதுதான். 1992-இல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், 4.85 கிராம். 2011 வரிசையில் 22 மி.மீ., 3.79 கிராம். 2019 வரிசையில் 20 மி.மீ., 3.09 கிராம். மூன்றும் ஒரே சுருக்குப் பையில் கிடக்கும்போது, சிறியதைப் பார்த்துப் பிழை என்று தோன்றுவது இயல்பு. அதனால்தான் அதே வரிசை நாணயத்தோடு ஒப்பிட வேண்டும்.

கேள்வி: "சிறு விவசாயிகள்" என்று ஆங்கிலத்தில் எழுதிய பழைய ஒரு ரூபாய் நாணயம் வீட்டில் இருக்கிறது. அபூர்வமானதா?
(விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: 1987-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் நோக்கங்களை ஒட்டி வெளியிடப்பட்ட நினைவு நாணயம் அது. அடுத்த ஆண்டு, 1988-இல், மானாவாரி விவசாயத்துக்கும் ஒரு ரூபாய் நாணயம் வந்தது. இரண்டும் பொதுப் புழக்கத்துக்கு வந்தவை. பிழையும் இல்லை, பெரிய விலையும் இல்லை. விவசாயி வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, இவற்றைப் பத்திரமாக வைத்திருக்கலாம்.

கேள்வி: பத்து ரூபாய் நாணயத்தில் கதிர்கள் பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளக் காசு என்று கடைக்காரர் வாங்க மறுக்கிறார். ஐம்பது காசும் செல்லாது என்கிறார்.
(சேலம் மாவட்ட வாசகி)

பதில்: இரண்டும் தவறு. பத்து ரூபாய் நாணயத்தில் அதுவரை வந்திருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவித்தது. கதிர் பத்தானாலும் பதினைந்தானாலும், ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். 2011 ஜூன் 30-இல் செல்லாததானவை 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும்தான். 50 காசு இன்றும் செல்லும். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரே கொடுக்கல் வாங்கலில் ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் 1,000 ரூபாய் வரையிலும், 50 காசு 10 ரூபாய் வரையிலும் சட்டப்படி செல்லும். கடைக்காரர் வாங்க மறுத்தால் நாணயங்களை வங்கிக் கிளையில் கொடுத்துக் கணக்கில் வரவு வைக்கலாம்.

அதே சட்டம் நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது. தண்டனை ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும். பிழை நாணயத்துக்கு லட்சம் கிடைக்கும் என்ற பேச்சைக் கேட்டு, நல்ல காசை அரத்திலும் அடுப்பிலும் வைத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.